அக்கா பிரித்த கொட்டைகள்

நூறு அவரைக்கொட்டைகளை எண்ணி என் அக்காவின் முன்னால் சிமெண்டுத் தரையில் குவித்து வைத்தவன் நான்தான். அதன்பின் இரண்டு மார்கழிகள் கழிந்துவிட்டன. அன்று எடுத்த தீர்மானத்தின்படி நடக்கவேண்டியவை யாவும் நடந்தேறிவிட்டன. யாருக்கும் நஷ்டமில்லை, யாரிடையேயும் மனஸ்தாபமில்லை. ஆயினும் அந்தக் கொட்டைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பிய மெல்லிய சப்தம், நடுநிசியில் விழிப்புக் கொடுக்கும்போதெல்லாம், அடுத்த அறையில் யாரோ இன்னும் எண்ணி முடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் போல என் காதில் விழுகிறது. தீர்மானம் பிசகிப் போயிருந்தால் இந்தக் கலக்கத்துக்குக் காரணம் சொல்வது எளிது. பிசகிப் போகவில்லை என்பதனாலேயே நான் இதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலையில், சானமாவுக் காட்டைக் கடந்து உத்தனப்பள்ளியை அடைந்து, அங்கிருந்து மண்பாதையில் சிறிது தூரம் உள்ளே சென்றால் அக்காவின் மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. கேழ்வரகும் அவரையும் தக்காளியும் மாறி மாறி விளைந்த நிலம். விடியற்காலையில் பனி இறங்கிய அவரைச் செடிகளினிடையே நடந்தால், எண்ணெயும் பச்சிலையும் கலந்தாற்போன்ற ஒரு வாசனை வேட்டியில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை கூட வரும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் தளிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் சானமாவுக்கு வந்து தங்கும். அந்த மாதங்களில் இரவு முழுதும் பட்டாசுச் சத்தமும், பரண்களிலிருந்து ஒருவரையொருவர் கூவி அழைக்கும் குரல்களும் கேட்கும். அந்தக் குரல்களில் தமிழ் எது, தெலுங்கு எது, கன்னடம் எது என்று பிரித்தறிய அவ்வூர்க்காரர் யாரும் முயன்றதில்லை. இவற்றுக்கிடையில்தான் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. 2023-ஆம் ஆண்டில் விவசாயிகள் நாள் கணக்காக உத்தனப்பள்ளியில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அக்காவின் நிலம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பட்டியலுக்கு அடுத்த நிலம் என்பதே அதற்கு ஒரு புதிய விலையைத் தந்துவிட்டது. எடுத்துக்கொள்ளப்படும் நிலத்துக்காரனுக்கு எதிர்ப்பதா இணங்குவதா என்ற கேள்வி. தப்பித்த நிலத்துக்காரனுக்கோ, தப்பித்ததை என்ன செய்வது என்ற கேள்வி. இரண்டாவது கேள்வியைப் பற்றி யாரும் ஊர்வலம் போவதில்லை. அது வீட்டுக்குள் வந்து, சாப்பிடும்போது கூடவே உட்கார்ந்துகொள்கிறது.

விற்றுவிட்டு ஓசூரில் வீடு வாங்கிக்கொண்டு போவது ஒன்று. ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்காரர் ஒருவருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது ஒன்று. இருக்கிறபடியே இருப்பது மற்றொன்று. அக்காவின் மகன்கள் இருவரில் பெரியவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தினமும் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் நின்று நின்று அவனுக்கு இடுப்புவலி வந்திருந்தது. சின்னவன் தக்காளி போட்டு, ராயக்கோட்டை மண்டியில் ஒரு வாரம் சிரித்துக்கொண்டும் மறுவாரம் கூடைகளை ஓரமாகக் கொட்டிவிட்டும் திரும்புகிறவன். அக்காவின் முழங்காலோ வரப்பில் ஏறுவதற்குச் சம்மதிக்கவில்லை. மூன்று மாதம் பேசியும் ஒரு முடிவுக்கு வர இயலாமல், “மாமா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று இருவரும் என்னிடம் வந்தார்கள். தாய்மாமனிடம் வார்த்தை கேட்பது எங்கள் பக்கத்தில் வெறும் உபசாரம் அன்று. பெண்ணுக்குக் காது குத்துவதிலிருந்து பாகப்பிரிவினை வரைக்கும் அவன் உட்காரவேண்டிய இடம் ஒன்று உண்டு. அவன் சொன்ன சொல்லுக்குப் பின்னால் விளைவது நல்லதானாலும் கெட்டதானாலும் அதில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைத்தான் நான் அஞ்சினேன் என்பதை இப்போது எழுதும்போது கைகூசாமல் எழுத முடியவில்லை. அவர்கள் கேட்டது வார்த்தை. நான் கொண்டுபோனது ஒரு முறை.

அந்த முறையை நான் கற்றது ஓசூரின் முதல் சிப்காட்டில், முப்பது ஆண்டுகளுக்குமேல் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில். சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் டிரிகோ என்னும் இரு அமெரிக்கர்கள் 1965-இல் எழுதி வெளியிட்ட ஒரு நூலின் வழி உலகெங்கும் ஆலைகளில் பரவிய முறை அது. முதலில், இது இல்லாமல் முடியவே முடியாது என்பவற்றைத் தனியே எழுதவேண்டும். அவற்றில் ஒன்றுக்குக்கூட ஈடுகொடுக்காத வழியை அப்போதே தள்ளிவிடவேண்டும். பிறகு, இருந்தால் நல்லது என்பவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவத்துக்கேற்ப ஓர் எடை கொடுத்து, மிஞ்சிய ஒவ்வொரு வழியும் அவற்றை எவ்வளவு தூரம் நிறைவேற்றும் என்று மதிப்பெண் போட்டு, பெருக்கிக் கூட்டவேண்டும். எது மேலே வருகிறதோ அதன் தீமைகளைக் கடைசியாக ஒருமுறை யோசித்துப் பார்த்து நிச்சயம் செய்யவேண்டும். இந்த முறையைக்கொண்டு நாங்கள் ஒரு கிரைண்டிங் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தோம்; நுட்பத்துக்கு இவ்வளவு, விலைக்கு இவ்வளவு, உதிரிபாகம் கிடைப்பதற்கு இவ்வளவு என்று ஆறுபேர் உட்கார்ந்து எடை போட்டோம்; அந்த இயந்திரம் நான் ஓய்வுபெறும் நாள்வரை குறையில்லாமல் ஓடியது. அதில் எனக்கிருந்த திருப்தி உண்மையானது. இன்றும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறுபேரில் ஒருவர்கூட மற்றொருவரின் முகத்தைப் பார்த்துத் தம் எண்ணை மாற்றவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. இயந்திரங்களோ, ஒன்று மற்றொன்றுக்காக விட்டுக்கொடுப்பவை அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடங்கினோம். வருமானம், தண்ணீர், பேரப்பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரி வசதி, கடன், யானை பயம், சொந்தபந்தம், மனசுக்குப் பிடித்த இடம் என்று எட்டு அட்டைகளில் எழுதித் தரையில் வரிசையாக வைத்தேன். எட்டாவது அட்டையைச் சேர்த்ததில் எனக்குச் சிறிது பெருமைகூட இருந்தது. கணக்கு மனிதர்களை மறந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி என்று எண்ணினேன். பெரியவன், அவன் மனைவி, சின்னவன், அவன் மனைவி ஆகிய நால்வரும் காகிதத்தில் எழுதினார்கள். அக்காவுக்கு எழுத்து வராது என்பதால், நூறு கொட்டைகளை அவள் விருப்பப்படி எட்டு அட்டைகளின்மேல் பங்கிட்டு வைக்கச் சொன்னேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். படிப்பின்மேல் முப்பத்தைந்து, பெரியவனின் சிறிய மகள் அப்போது அவள் மடியில் சாய்ந்திருந்தாள். கடனின்மேல் முப்பது, சின்னவன் தலை குனிந்திருந்தான். வருமானத்தின்மேல் இருபது, ஆஸ்பத்திரியின்மேல் பதினைந்து. கை காலியாகிவிட்டது. அக்காவின் கணவர் உயிரோடிருந்தபோது இரண்டு கோடைகள் பாறையை உடைத்து வெட்டிய கிணறு அந்த வீட்டின் பின்புறம் இருபதடி தூரத்தில் இருந்தது. தண்ணீர் என்ற அட்டையில் ஒரு கொட்டைகூட விழவில்லை. எட்டாவது அட்டையை அவள் கையில் எடுத்துப் பார்த்து, “இதுல என்னடா எழுதியிருக்கு?” என்று கேட்டாள். சொன்னேன். “நல்லா இருக்கு” என்று அதைத் தரையில் திரும்ப வைத்தாள். நான் அதன் எதிரே சுழியம் என்று குறித்துக்கொண்டேன். ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் கூட்டிவிட்டேன். விற்பது என்று வந்தது. மற்ற இரண்டையும்விட வெகு தெளிவான வித்தியாசத்தில் வந்தது.

இப்படியொரு முறையின் பழைய உதாரணங்களுள் ஒன்று 1772-ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இருக்கிறது. லீட்ஸ் நகரில் குடும்பத்தோடு இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குப் போகலாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டபோது, விஷயம் முழுதும் தமக்குத் தெரியாதாகையால் எதைச் செய்வது என்று சொல்ல இயலாது, எப்படித் தீர்மானிப்பது என்பதை வேண்டுமானால் சொல்கிறேன் என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். காகிதத்தை நடுவில் கோடிட்டு, ஒருபுறம் சாதகம், மறுபுறம் பாதகம் என்று மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்றக் குறித்து, சமமானவற்றை ஒன்றுக்கொன்று ஈடாக அடித்துக்கொண்டே வந்தால் மீதி எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுவே வழி என்பது அவர் முறை. பிரீஸ்ட்லி போனார், ஷெல்பர்னிடம் இருந்த காலத்தில்தான், 1774-இல், நாம் பிராணவாயு என்றழைக்கும் வாயுவைப் பிரித்தெடுத்தார், எந்தக் கோட்டின் எந்தப் பக்கத்திலும் அவர் அதை எழுதியிருக்க முடியாது. ஆனால் என் மனம் தங்கி நிற்பது அந்த வாயுவில் அன்று, எதை என்பதை விட்டு எப்படி என்பதைக் கொடுத்த அந்த முதல் வாக்கியத்தில். விஷயம் தெரியாது என்று பிராங்க்ளின் சொன்னது மெய்; அவர் தொலைவில் இருந்தார், நண்பர் மட்டுமே. எனக்கு அந்த நிலத்தின் ஒவ்வொரு வரப்பும் தெரியும்; அக்கா எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்பதும் தெரியும்; அவர் பேசிய அதே அடக்கத்தோடு நானும் பேசியபோது, அவரிடம் அது நேர்மையாக இருந்தது, என்னிடம் அது ஒளிவிடமாக இருந்தது.

தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர் 1970-களில் வகுத்த மற்றொரு முறையைப் பின்னாளில் படித்தேன். இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் கொடுத்து, அவ்வெண்களிலிருந்து எடைகளைக் கணக்கிட்டெடுப்பது அது. ஒப்பீடுகள் தமக்குள் முரண்பட்டால் அதையும் அளந்து காட்டிவிடும். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, நடுத்தர வருமானமுள்ள ஒரு குடும்பம் வீடு வாங்குவது. அங்கேயும் எட்டு அளவுகோல்கள். பணம் புரட்டும் வசதிக்கு நூற்றில் முப்பத்துமூன்று எடை வந்திருக்கிறது. வீட்டு முற்றத்துக்கு ஏறத்தாழ மூன்று. அந்த மூன்றைப் பார்த்தபோது, அந்தக் குடும்பத்தில் முற்றத்தை விரும்பியவர் யாராக இருந்திருப்பார், அவர் உரக்கப் பேசக்கூடியவரா என்று என்னையறியாமல் கேட்டுக்கொண்டேன். முறையில் குற்றமில்லை. எடை என்பது ஏற்கெனவே ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருப்பது, நாம் கேட்டவுடன் வெளியே வந்துவிடுவது என்று அந்த முறைகள் எல்லாம் நம்புகின்றன. கொல்லன் பட்டறையில் இரும்பின் எடை இருப்பதைப்போல. ஒரு குடும்பத்தில் அப்படி இல்லை என்பதே என் சந்தேகம். அங்கே ஒருவர் சொல்லும் எண், எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சொல்லப்படும் எண். அக்கா அன்று எதையும் அளந்து காட்டவில்லை, கொடுத்தாள். பேத்திக்கு முப்பத்தைந்து கொடுத்தாள், சின்னவனுக்கு முப்பது கொடுத்தாள். பண்டிகை நாளில் பாத்திரத்தில் இருப்பதையெல்லாம் பரிமாறிவிட்டு, தனக்கு இல்லை என்பதைக்கூட யாரும் கவனியாதபடி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறவளின் கை அது. கொடையை அளவு என்று எண்ணிக் கூட்டிவிட்டேன்.

வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944-இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்றோ சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்றுபேர்கூட இல்லை. பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பதல்ல இதன் அர்த்தம் என்று அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார்; தனக்கு ஒரு குறை உண்டு என்று சொல்லிக்கொள்ளும் பழக்கமே அவர்களுக்கு அற்றுப்போயிருந்தது. (அதே சிங்கூரில் அறுபது ஆண்டுகளுக்குப் பின் கார் ஆலைக்காக எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 2016-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது, உத்தனப்பள்ளிச் சாலையில் போகிறவனுக்கு வராமலிருக்காது.) நான் கேட்ட கேள்விக்கு அக்கா தந்த சுழியத்தை இந்த ஆய்வின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கேள்வி கேட்டதனால் மட்டும் ஒருவருடைய பதிலை நாம் பெற்றுவிடுவதில்லை என்று தோன்றுகிறது.

ஆனால், முறையைத் தூக்கி எறிந்துவிடவும் மனம் ஒப்பவில்லை. அக்காவின் கல்யாணம் நிச்சயமான விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் கோயிலில் பூப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு சிறு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குழந்தை நான். நான் எடுத்தது வெள்ளை; எல்லோரும் சிரித்தார்கள்; அக்கா அந்த இடத்திலேயே இல்லை, வீட்டில் களி கிளறிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குப் பொட்டலமும் இல்லை, கொட்டையும் இல்லை. அறுபது வயதுக்குமேல் முதன்முறையாக ஒரு குடும்ப விஷயத்தில் அவள் கையில் நூறு கொட்டைகளைக் கொடுத்து நீ சொல் என்று கேட்டது என் அட்டைகள்தாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தச் சமாதானம் பொய்யும் அன்று. ஆனால், கர்நாடகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவள் மகளுக்கு அன்று கொட்டைகள் எண்ணி வைக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தமும் மகளின் பங்கை மகனின் பங்குக்குச் சமமாக்கிய பிறகும், போனில் கூப்பிட்டுக் கையெழுத்துக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டோம். அவள் வந்தாள், போட்டாள். சமமாக எண்ணுகிறோம் என்று நான் நினைத்த அந்த மாலையில், யாரையெல்லாம் எண்ணுவது என்பதை நான் எந்த முறையைக்கொண்டும் தீர்மானிக்கவில்லை, பழக்கம் தீர்மானித்தது.

திருக்குறளில் அழிவையும் ஆவதையும் சீர்தூக்கிப் பார்த்துச் செயலில் இறங்கச் சொல்லும் தெரிந்துசெயல்வகை பொருட்பாலில், அரசனுக்குரிய இடத்தில் இருக்கிறது. இல்லறவியலில் எதையும் நிறுக்கும்படி சொல்வதில்லை என்று அவசரமாக எழுதப்போய், நிறுத்திக்கொண்டேன். துலாக்கோல் அங்கேயும் வருகிறது, நடுவு நிலைமையில். ஆனால் அங்கே பேச்சு தட்டில் வைக்கும் பண்டத்தைப் பற்றியது அன்று. மனிதன்தான் ஒருபுறம் சாயாத கோலைப்போல இருக்கவேண்டும் என்பது. வள்ளுவர் இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே அமைத்தார் என்று சொல்ல நான் பண்டிதன் அல்லன். என் விஷயத்தில் அது பொருந்துகிறது என்பதை மட்டும் அறிவேன்: தராசை நடுவில் வைத்துவிட்டு நான் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த சிறிய ஓட்டுவீடு நினைவில்லமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருடைய மகள் லட்சுமியின் நினைவு வருகிறது. காந்தியின் மகன் தேவதாஸும் அவளும் ஒருவரையொருவர் விரும்பியபோது, சாதியும் பாஷையும் வேறான அந்தச் சம்பந்தத்தில் இரண்டு தகப்பன்மார்களும் உடனே சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் பிரிந்திருங்கள், அதற்குப் பிறகும் இதே எண்ணம் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்றார்கள். இருவரும் காத்திருந்தார்கள், 1933 ஜூனில் பூனாவில் கல்யாணம் நடந்தது. அந்த நிபந்தனையின் கடுமை என்னை வருத்தாமல் இல்லை; அவ்வளவு இளம்வயதுப் பெண்ணின் ஐந்து ஆண்டுகளைப் பெரியவர்கள் இப்படி வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. ஆனால் அவர்கள் தங்கள் சொல்லைத் தாங்களே சொன்னார்கள். சுமையைக் காகிதத்தின்மேல் இறக்கி வைக்கவில்லை. விருப்பம் எவ்வளவு என்று எண்ணால் கேட்காமல், அது காலத்தைத் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். நாங்கள் மூன்று மணி நேரம் பார்த்தோம்.

கணக்கு முடிந்த அன்றிரவு அக்கா அந்தக் கொட்டைகளைப் பொறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டாள்; மறுநாள் அவற்றைப் பிதுக்கிக் குழம்பு வைத்து, களியோடு எங்களுக்குப் போட்டாள். அடுத்த சித்திரையில் பத்திரம் முடிந்தது. இப்போது அவள் ஓசூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். பேத்தி நன்றாகப் படிக்கிறாள், கடன் தீர்ந்தது, முழங்காலுக்கு வைத்தியம் நடக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை அவள் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறாள்; வாளிகள் வரிசையாக இருக்கின்றன. போன வாரம் நான் போனபோது சமையலறை வாசலில் உட்கார்ந்து, சந்தையில் வாங்கிய அவரைக்கொட்டைகளை ஊறவைத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். சிறிது நேரம் தோல் விலகும் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு தலை நிமிராமலே, “அன்னைக்கு எல்லாரையும் கேட்டியே தம்பி, நீ என்னடா நினைச்சே? அதை மட்டும் சொல்லாமலே போயிட்டே” என்றாள். இரண்டு ஆண்டுகளாக எனக்குள்ளேயே பதில் சொல்லிப் பழகியிருந்தும் நாக்கு எழவில்லை. கடைசியில், “விக்க வேணாம்னுதான் அக்கா நினைச்சேன்” என்றேன். அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. ஒன்றும் சொல்லவில்லை. ஊறிய கொட்டைகளில் பாதியை ஒரு தட்டில் அள்ளி என் பக்கம் தள்ளினாள்.